லயத்துக்குள் இருந்த நூல்

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஆசிரியை:

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்போம். சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், குதிரை கட்டும் லாயம்தானா நாங்கள் இருக்கிற லயம்?" என்று கேட்டாள், வீட்டில் தாத்தா அப்படித்தான் சொல்வாராம். அந்த விளக்கத்தில் இருந்த கோபத்தின் நியாயம் புரிந்தாலும், சொல் வந்த வழி வேறு என்பதால், அன்றைய பாடத்தை ஒத்திவைத்துவிட்டு ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டேன். வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளை ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றனர். இந்தியாவில் சிப்பாய்கள் தங்கிய இடங்களுக்கும் அதே பெயர்தான். தோட்டத்துக்கு வந்த அச்சொல் நம் வாயில் லயனாகி, லயமாயிற்று.

அதற்கும் முந்திய கதை இலத்தீனில் இருக்கிறது. ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும் என்பதால் கோட்டுக்கும், கோட்டிலிருந்து வரிசைக்கும் பாதைக்கும், பிற்காலத்தில் தொலைபேசி இணைப்புக்கும் அப்பெயர் பரவியது. லினன் துணியும், மேலாடைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங்கும் அந்தச் செடி வழி வந்த சொற்களே. 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதையும் லைன்தான் என்றபோது, மலையைச் சுற்றிச் சுற்றி வளையும் அதில் நேர்கோடு எங்கே என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டது.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:

நான் மேசன் வேலை செய்பவன். கல் வரிசை கோணாமல் இருக்க இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவோம். ‘நூல் பிடித்தாற்போல்’ என்று நாம் சொல்வதற்கும் டீச்சர் சொன்ன இலத்தீன் சொல்லுக்கும் ஒரே வேலைதான்.

லிந்துலையிலிருந்து ஒருவர்:

லயத்து வாசலில் துணி காயப்போடும் கயிற்றை அம்மா ‘கொடி’ என்பார். ஆங்கிலத்தில் அதுவும் லைன்தான். அங்கே ஆளிச்செடி நூலுக்குப் பெயர் தந்ததைப் போல, இங்கே படரும் கொடி கயிற்றுக்குப் பெயர் தந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. வீட்டு வரிசைக்குத் துரைமாரின் சொல்லை ஏற்றுக்கொண்ட நம்மவர்கள், கொழுந்து பறிக்கும் செடி வரிசையை மட்டும் ‘நிரை’ என்ற பழந்தமிழ்ச் சொல்லாலேயே, பேச்சில் ‘நெரை’ என்று, அழைத்து வந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த அம்மா, நெரையை லைன் என்று ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.