புதுப்பிப்பு: அது வெறும் பால் கக்கல் இல்லை

ஐந்து வார மகன் பால் குடித்ததும் பீறிட்டு வாந்தி எடுக்கிறான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். உரம் விழுந்திருக்கும் என்றார்கள் பாதிப் பேர். என் அத்தையும் அதையேதான் சொன்னார். இல்லை. இது பைலோரிக் ஸ்டெனோசிஸ்: இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து, பால் குடலுக்குள் இறங்க முடியாமல் போவது.

வாந்தி பச்சையாக இருந்ததா என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. பச்சை என்றால் பித்தநீர். அடைப்பு குடலில் இருக்கலாம், தாமதிக்கவே கூடாதாம். இவனுக்கு வெறும் பால். கக்கிய கையோடு பசித்து அழுவான், எடை மட்டும் ஏறவில்லை.

ஸ்கேனில் இரைப்பையின் கீழ்வாய்த் தசை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தது. 3 தாண்டினாலே சந்தேகம்தான். உடனே அறுவை செய்துவிடவில்லை. வாந்தியில் போன உப்புகளை முதலில் டிரிப்ஸில் ஈடுகட்டி, பிறகுதான் தசையைக் கீறிவிட்டார்கள்.

நேற்றிரவு 60 மில்லி குடித்தான். கக்கவில்லை.