அப்புச்சி வீட்டுக் குழு: நீலி, புஜ்ஜி, நம்ம அண்ணன்மார்

ஈரோடு தங்கச்சி: நேற்று ராத்திரி 'லோகா' மலையாளப் படம் பார்த்து முடித்தேன். இன்னும் அதே நினைப்பாகவே இருக்கிறது. இங்கே யாரெல்லாம் பார்த்தீர்கள்?

நான்: 2025 ஓணத்தையொட்டி வந்தபோதே தியேட்டரில் பார்த்துவிட்டேன் அம்மிணி. கள்ளியங்காட்டு நீலி என்றால் கேரளத்தில் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் யட்சிக் கதை. அவளைக் கொண்டுவந்து இன்றைய பெங்களூரில் ஒரு வாடகை வீட்டில் குடி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு யோசனைக்கே இயக்குநர் டொமினிக் அருணைக் கும்பிடலாம்.

ஈரோடு தங்கச்சி: கல்யாணி பிரியதர்ஷன் அதிகம் பேசாமலே நடித்திருக்கிறார், இல்லையா? சின்ன வயதுக் கதை வருகிற இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

கோவை அண்ணன்: எனக்கும் பிடித்தது. ஆனால் தியேட்டரில் நான் எழுந்து நின்று கைதட்டியது 'கல்கி 2898 ஏடி'க்குத்தான். அதில் பிரபாஸ் ஓட்டுகிற அந்த புஜ்ஜி வண்டி நம்ம கோயமுத்தூரில் உருவானது, தெரியுமா? மஹிந்திராவும் இங்கே இருக்கிற ஜெயம் நிறுவனமும் சேர்ந்து செய்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, எடை ஆறு டன். நம்ம கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனே ஓட்டிப் பார்த்தார். திரையில் அது திரும்பும்போது பாருங்கள், கனம் தெரியும். பட்டறையில் நிற்கிறவனுக்கு அது உடனே புரிந்துவிடும். முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைந்த வண்டிக்கு அந்தக் கனம் வராது.

அவிநாசி மாமா: வண்டி சரி மாப்பிள்ளை, படம்? முதல் பாதியில் கதை நகரவே இல்லை. பிரபாஸ் சண்டை போடுகிறார், பேசுகிறார், மறுபடி சண்டை போடுகிறார். அமிதாப் பச்சன் அஸ்வத்தாமாவாக எழுந்து வந்த பிறகுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குருக்ஷேத்திரம் முடிந்து 6000 வருடமாகச் சாக முடியாமல் காத்திருக்கிற மனுசன். கதையே அவரிடம்தான் இருக்கிறது.

கோவை அண்ணன்: அதை ஒத்துக்கொள்கிறேன் மாமா. கமல் இன்னும் கொஞ்ச நேரம் வந்திருக்கலாம்.

ஈரோடு தங்கச்சி: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பற்றி யாரும் பேசவில்லையே! 2016-ல் ஆரம்பித்தது 2026 புத்தாண்டு அன்று காலையில் முடிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தொடங்கிய கதை. கடைசிப் பாகம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சில இடம் இழுத்தாலும், விடைபெறுகிற இடம் மட்டும் மனதோடு நின்றுவிட்டது.

காங்கேயம் பெரியம்மா: எல்லோரும் இருங்கள். அப்பா, அதாவது உங்கள் அப்புச்சி, பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் ஒன்று சொல்ல வேண்டுமாம். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

காங்கேயம் பெரியம்மா: "பொங்கலுக்கு வந்தபோது பேரன் ஒரு மணல்காட்டுப் படம் போட்டுக் காட்டினான். மழையே இல்லாத ஊர். வேர்வையைக்கூட வீணாக்காமல் திரும்பக் குடிக்கிற மாதிரி உடுப்புப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் வந்து பெரியவர்கள் முன்னால் மேசையில் எச்சில் துப்புகிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் பேரன் சொன்னான், அந்த ஊரில் உடம்புத் தண்ணீரைக் கொடுப்பதுதான் பெரிய மரியாதையாம். எனக்கு அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் அடி போர் போட்டுப் புகை மட்டும் வந்ததைப் பார்த்தவன் நான். தென்னை காய்ந்து தலை சாய்வதைப் பார்த்தவன். அந்தப் படம் எடுத்தவர்கள் தண்ணீரைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள்."

நான்: அது 'ட்யூன்' முதல் பாகம் அப்புச்சி, 2021-ல் வந்தது. இரண்டாம் பாகம் 2024-ல் வந்தது, அடுத்த முறை போடுகிறேனுங்க. அதில் செத்தவர் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு குளத்தில் சேர்த்து வைத்திருப்பார்கள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் அதில் ஒரு சொட்டுத் தொட மாட்டார்கள்.

அவிநாசி மாமா: அத்திக்கடவுத் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்து, எங்கள் ஊர்க் குட்டைக்குப் பவானித் தண்ணீர் வந்தபோது நாங்கள் எல்லோரும் கரையில் போய் நின்றோம். அறுபது வருடமாகக் கேட்ட தண்ணீர். ஆறு இடத்தில் பம்ப் வைத்து ஏற்றி, 1045 குளம் குட்டைக்கு விடுகிறார்கள். வயதானவர்கள் இறங்கிக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். அப்பா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது.

காங்கேயம் பெரியம்மா: இப்போது நான் என் பங்குக்குச் சொல்கிறேன். நீலியை மலையாளத்தில் எடுத்தார்கள், அஸ்வத்தாமாவைத் தெலுங்கில் எடுத்தார்கள். கொங்கு நாட்டில் பாடுகிற நம்ம அண்ணன்மார் கதையில் என்ன குறை? பிள்ளை வரத்துக்குத் தாமரை இருந்த தவம், பொன்னர், சங்கர், நடக்கப்போவது முன்கூட்டியே தெரிகிற தங்காள், கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, வீரப்பூர்க் காடு. செத்துக் கிடக்கிற அண்ணன்களைத் தங்கச்சி எழுப்புகிறாள். அதையே கோயிலில் படுகளம் என்று நடத்தும்போது ஆட்கள் விழுந்து கிடந்து எழுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

நான்: 2011-ல் 'பொன்னர் சங்கர்' என்று பிரசாந்த் நடித்து ஒரு படம் வந்ததுங்க பெரியம்மா. ஆனால் ராத்திரி ராத்திரியாக உடுக்கடித்துப் பாடுகிற கதையை இரண்டரை மணி நேரத்தில் எப்படி அடக்குவது? தொடராக எடுத்தால்தான் சரி. பிரெண்டா பெக் என்கிற ஆய்வாளர் அம்மா 1965-ல் உங்கள் ஊர்ப் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, முழுப் பாட்டையும் பதிவு செய்தார். பின்னாளில் கனடாவிலிருந்து அதை 26 பாகம் அனிமேஷனாகவும் கொண்டுவந்தார்.

ஈரோடு தங்கச்சி: நிஜமாகவா! ஆனால் பெரியம்மா, யாராவது புதிதாக எடுத்தால் தங்காளிடமிருந்து தொடங்க வேண்டும். அண்ணன்களின் வீரத்தைத்தான் எல்லோரும் பாடுகிறார்கள். எல்லாம் முன்பே தெரிந்தும் தடுக்க முடியாதவள் அவள்தானே? அண்ணன்மாரை எதிர்த்த வேட்டுவர் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது அவர்கள் காடு. 'லோகா' எனக்குப் பிடித்ததே அதனால்தான். பேய் என்று சொல்லப்பட்டவளிடமே போய், உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

அவிநாசி மாமா: இது நல்ல பேச்சு சாமி. வேட்டுவர் வீடுகளில் இதே கதையை வேறு மாதிரி சொல்வார்கள். என் கூட்டாளி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காங்கேயம் பெரியம்மா: அப்பா தலையை ஆட்டுகிறார். அவருடைய அம்மா தங்காள் பாட்டை மட்டும் தனியாகப் பாடுவார்களாம். பாதிக்கு மேல் இவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கே இது இன்றைக்குத்தான் தெரியும்.

ஈரோடு தங்கச்சி: அப்புச்சி! சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். முழுவதையும் போனில் பதிவு செய்கிறேன்.

காங்கேயம் பெரியம்மா: வெயில் சாய்வதற்குள் வந்துவிடு கண்ணு. எட்டு மணிக்கு மேல் அப்பாவுக்குக் குரல் எடுக்காது.