பலகை மாறியது, கவுண்டரில் அதே அக்கா

உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து, 2022 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் ரஷ்யாவில் தன் கடைகளை மூடியபோது நான் மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் ஊரிலிருந்து கொண்டுபோன வங்கி கார்டும் அங்கே செல்லாமல் போயிருந்தது. ஆனால் எனக்குப் பெரிய கவலை, விடுதிக்குப் பக்கத்துக் கிளையின் கவுண்டரில் நின்ற அக்காவைப் பற்றித்தான். ரஷ்ய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போய் இறங்கிய புதிதில், நான் படத்தைத் தொட்டுக் காட்டுவேன். அவர் பெயரை இரண்டு முறை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பில் போடுவார். ‘கூரிட்சா’ என்றால் கோழி என்று அவரிடம்தான் கற்றேன்.

நாடு முழுக்க சுமார் 850 கடைகள், 62,000 ஊழியர்கள். மூடியிருந்த மாதங்களிலும் சம்பளம் வந்தது என்பது பெரிய ஆறுதல். மே மாதம் சைபீரியாவில் ஏற்கெனவே சில கிளைகளை நடத்திவந்த அலெக்சாண்டர் கோவோர் மொத்தத்தையும் வாங்கினார். ஊழியர்களைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, ரஷ்ய நாள் விடுமுறை. மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் புதுக் கடை திறந்தார்கள். 1990 ஜனவரி 31 அன்று, சோவியத் காலத்தில், அந்த நாட்டின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்ததும் இதே இடம்தான். முதல் நாளே 30,000 பேருக்கு மேல் வந்தார்களாம். எங்கள் விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்தக் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர். நான் கிளம்பும்போது, “எனக்கும் ஒன்று வாங்கி வா” என்றார்.

புதுப் பெயர் ‘வ்குஸ்னோ இ தோச்கா’. நம் பேச்சில் சொன்னால், “ருசியா இருக்கு, அவ்வளவுதான்!” பச்சைப் பின்னணியில் ஒரு வட்டம், இரண்டு ஆரஞ்சுக் கோடுகள்: பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலுமாம். மெக்டொனால்ட்ஸின் பிரபல பர்கரான பிக் மாக் இல்லை. சாஸ் டப்பாவின் மூடியில் பழைய சின்னத்தைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஒரு மூடியில் கோடு கொஞ்சம் விலகி, மஞ்சள் ஓரம் எட்டிப் பார்த்தது.

சுவை? என் கோழி பர்கரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுப்பும் ஆட்களும் பழையவை, சாமான்களில் பெரும்பங்கு முன்பிருந்தே ரஷ்யாவிலேயே வாங்கியவை. அப்புறம் எப்படி மாறும்? பாட்டி மட்டும் பொறுமையாக முழுதும் சாப்பிட்டுவிட்டு, “அன்றைக்குச் சாப்பிட்டது வேறு” என்றார். 1990-இன் பசியோடு எந்த பர்கர் போட்டி போட முடியும்!

சில வாரம் கழித்து எங்கள் கிளையும் திறந்தது. புதுச் சீருடையில் அதே அக்கா. என்னைப் பார்த்ததும் “கூரிட்சா!” என்று பழைய பெயரில் ஆர்டரைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். புதுப் பெயர் அவருக்கும் மனப்பாடம் ஆகவில்லை. இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து திரையைப் பார்த்துத்தான் படித்தோம்.