ஜாமீன் உத்தரவு வந்தும் சிறையில்: ஜாமீன்தாரர் இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்கு என்ன வழி?

கேள்வி (கரைவழி):
சாதாரணத் திருட்டு வழக்கு, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303(2). ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி. ஜாமீன் கிடைத்து 12 நாளாகிறது. தலா 10,000 ரூபாய்க்கு இருநபர் ஜாமீன், இருவரும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே அவருக்குச் சொந்தபந்தம் யாருமில்லை. கோர்ட் வாசலில் ஒருவர் ‘ஆள் பிடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கிறார். ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் சொந்த ஜாமீனில் (அவரே எழுதித் தரும் உறுதியை மட்டும் ஏற்று) விட்டுவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அது பொருந்தாதா?

பதில் (மனுதாரர் தரப்பு):
பொருந்தாது. நீங்கள் சொல்வது பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 478. ஜாமீனில் விடத்தக்க (ஜாமீனை உரிமையாகக் கேட்கக்கூடிய) குற்றங்களுக்கு மட்டும்தான் அது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் தவிர, 303(2) அந்த வகையில் வராது.

வாசலில் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று ஜாமீன்தாரர் எழுதித் தர வேண்டும் (பிரிவு 486). அங்கே பொய் பிடிபட்டால் பணமும் போகும், ஆளும் உள்ளேயே கிடப்பார்.

அதே கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனு போடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 1978 மோதிராம் தீர்ப்பை அவசியம் காட்டுங்கள். கொத்தனார் ஒருவருக்கு அவர் சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். உங்கள் வழக்கின் அச்சு அது.

பதில் (சிறைவாசல்):
ஏழு நாள் தாண்டிவிட்டதே, அதுவே உங்களுக்குப் பிடி. உச்ச நீதிமன்றம் 31.1.2023-ல் சொன்னபடி, ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் அந்தத் தகவல் போவதே இல்லை. நீங்களே ஜாமீன் உத்தரவு நகலோடு ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். வக்கீலுக்குக் கட்டணம் இல்லை.

ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கட்ட நிதி உதவி கிடைக்கும். போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), ஊழல் வழக்குகளுக்குக் கிடையாது. ஆள் ஜாமீனுக்குப் பதில் பணம் கட்ட பி.என்.எஸ்.எஸ். 490-ன் கீழ் அனுமதியும் நிபந்தனைத் தளர்வு மனுவிலேயே கேளுங்கள்.

பதில் (மனுதாரர் தரப்பு):
இன்னொன்று. வெளியே வந்துதான் ஜாமீன்தாரரைத் தேட முடியும் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் தரலாம் என்றும் அதே 2023 உத்தரவில் இருக்கிறது. அதையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். தண்டனைக் காலத்தில் ஒரு பங்கைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியை விடச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 479-ஐ நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதல் குற்றம் என்றாலும், மூன்றாண்டு தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு வருடம். மனு போடுமுன், வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையிலிருப்பவரை வேறு வழக்குக்காகக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்று சிறையில் கேட்டுவிடுங்கள். இருந்தால் இந்த ஜாமீன் மட்டும் அவரை வெளியே கொண்டுவராது.