ஒரு புள்ளியை நம்பி ஒரு கடலோ?

கிணத்தடி:
எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில நேற்று ஒருத்தர் வீடியோ ஒண்டு போட்டவர். "பூமிக்கு 600 கிலோமீற்றர் கீழே மாபெரும் கடல்!" பின்னால பேய்ப்பட மியூசிக் வேற. தேடிப் பாத்தன். விசயம் இவ்வளவுதான்: பிறேசிலில ஜூயினா பக்கத்து ஆத்துச் சரளையில எடுத்த ஒரு வைரத்துக்குள்ள, கனடா அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்துக் கிரஹாம் பியர்சனும் கூட வேலை செய்தவையும் தண்ணி அடங்கின ரிங்வூடைற் எண்ட கனிமத்தைக் கண்டிருக்கினம். 2014இல நேச்சர் சஞ்சிகையில வந்தது. வைரத்தின்ர நிறை 0.09 கிராம். வாங்கின விலை 20 டொலர் மட்டில. உள்ளுக்க இருந்த புள்ளி, மில்லிமீற்றரில 25இல ஒரு பங்கு. இதை வைச்சுத்தான் கடல் கட்டியிருக்கினம்.

ஏன் கொதிக்கிறன் எண்டால், அக்கான்ர மகள் ஏ.எல். எழுதிப்போட்டு, உந்தக் கல்லு, பூமி பற்றின படிப்பைத்தான் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். என்ர தோட்டக் கிணத்தில 30 அடிக்குள்ள தண்ணி. வைகாசி பிறந்தால் உவர் ஏறுது. அதைப் பாக்க ஆளில்லை, 600 கிலோமீற்றர் கீழ என்ன கிடக்கெண்டு பாக்கப் போறாவாம்.

பாறைப்பித்து:
அண்ணை, வீடியோவுக்கு நீங்கள் பேசினது சரி. கடல் இல்லை. பேராதனையில புவிச்சரிதவியல் படிச்சனான், அந்தத் துணிவில சொல்லுறன்.

அந்தப் புள்ளியின்ர நிறையில ஏறக்குறைய 1.5 சதவீதம் தண்ணி. ஒரு கிலோ கல்லு எண்டால் 15 கிராம், மூண்டு தேக்கரண்டி. அதுவும் ஊத்தக்கூடிய தண்ணி இல்லை. சீமெந்து குழைக்கேக்க விட்ட தண்ணி இறுகினாப் பிறகு எங்க போச்சு? அதில ஒரு பங்கு கல்லோட கல்லாப் போச்சு, பிழிஞ்சால் வராது. இதுவும் அப்பிடித்தான், ஐதரசனும் ஒட்சிசனும் பளிங்குக் கட்டமைப்பில மாட்டுப்பட்டுக் கிடக்குது.

ஆனா "ஒரு புள்ளிதானே" எண்டு தள்ளாதேங்கோ. மனுசன் துளைச்ச ஆக ஆழமான குத்துத்துளை ரஷ்யாவின்ர கோலா, 12,262 மீற்றர். ரிங்வூடைற் இருக்கிற இடம் 520 கிலோமீற்றரில இருந்து 660 வரைக்கும். ஆய்வுகூடத்தில அமுக்கிச் செய்து பாத்திருக்கினம். 1969இல ஒரு விண்கல்லுக்குள்ளயும் கண்டவை, அவுஸ்திரேலியாவின்ர ரெட் றிங்வூட்டின்ர பேரை அப்பத்தான் வைச்சது. பூமிக்குள்ள இருந்து வந்த துண்டை மட்டும் அந்த வைரம் வரைக்கும் ஒருத்தரும் கண்ணால கண்டதில்லை. மேல வரேக்க அமுக்கம் குறைய அது வேற கனிமமா மாறிப்போகும். வைரம் இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்ததால தப்பி வந்தது.

தட்டாதெருவான்:
40 வருசமா நகைக்குக் கல்லுக் கட்டுறன். எங்களுக்குப் புள்ளி எண்டால் தோசம், விலையில பாதி போச்சு. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையிலயே வைரத்துக்கு நாலு குற்றம் சொல்லிக் கிடக்கு: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. விந்து எண்டால் உந்தப் புள்ளிதான். நாங்கள் கழிக்கிறதை உவை தேடித் திரியினம். நல்ல கல்லில ஒண்டும் கிடையாதோ பிள்ளை?

பாறைப்பித்து:
கிடைக்கும் ஐயா, கழிவில! அமெரிக்காவின்ர இரத்தினக்கல் ஆய்வு நிறுவனமான ஜிஐஏயில இவன் ஸ்மித் எண்டு ஒருத்தர். கலினன் வைரம் மாதிரி மிகப் பெரிய, தெளிவான கல்லுகளைப் பட்டை தீட்டேக்க வெட்டிக் கழிச்ச துண்டுகளை எடுத்து ஆராய்ஞ்சவர். உள்ளுக்க இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துணிக்கையள். வழமையான வைரம் 150 – 200 கிலோமீற்றர் ஆழத்தில விளையிறது. இதுகள் அதைவிட நல்லாக் கீழ, திரவ உலோகத்துக்குள்ள விளைஞ்சதெண்டு 2016இல சொன்னவர். ராசா வீட்டுக் கல்லுக்கும் வயித்துக்குள்ள ஊத்தை இருக்கு.

கிணத்தடி:
கதை வடிவாத்தான் கிடக்கு. என்ர கேள்விக்கு மறுமொழி வரேல்லை. தீவுப்பக்கம் போய்ப் பாருங்கோ. ஒரு வளவுக் கிணறு இளநீர், வேலிக்கு அங்கால கிணறு வாயில வைக்கேலாது. நல்ல கிணத்தில ஒரு செம்பு அள்ளிக் குடிச்சிட்டு, வேலணை முழுக்க நல்ல தண்ணி எண்டு சொன்னால் ஊர்ச்சனம் சிரிக்கும். பூமி முழுக்க அந்தப் படை ஈரம் எண்டிறதும் அந்தக் கதைதானே?

இன்னொண்டும் வாசிச்சன். 2021இல ஒலிவர் சவுனர் எண்டவர் பொட்ஸ்வானாவின்ர ஒராப்பாச் சுரங்க வைரத்துக்குள்ள டேவ்மாவோயைற் எண்ட புதுக் கனிமம், 660 கிலோமீற்றருக்கும் கீழ இருந்து வந்ததெண்டு சயன்ஸ் சஞ்சிகையில எழுதினார். 1987இல ஒரு கல்லு வியாபாரி வித்த வைரமாம். அடுத்த வருசமே வேற விஞ்ஞானிமார், உந்தத் தரவு அந்த ஆழத்தைக் காட்டேல்லை எண்டு அதே சஞ்சிகையில மறுத்து எழுதினவை. மறுத்தவையில ஒருத்தர் ஆர்? உங்கட பியர்சன்! தங்களுக்கையே அடிபாடு. இதை நம்பி நான் பிள்ளையை அனுப்பிறதோ?

றொரன்ரோ குகன்:
ஏன் பிறேசில்? எங்கட யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்துக்கு அடியே இல்லை. இராமர் அம்பு விட்ட இடம். அந்த உள்கடலோட தொடுப்பு எண்டு எங்கட அப்பு அப்பவே சொன்னவர்.

பாறைப்பித்து:
குகன் அண்ணை, நிலாவரை சுண்ணாம்புக்கல்லு கரைஞ்சு உண்டான குழி. மேல நல்ல தண்ணி, ஆழத்தில உவர், ஏனெண்டால் பக்கத்தில இருக்கிற கடல்தான். 600 கிலோமீற்றர் தேவையில்லை.

கிணத்தடி அண்ணை, வேலணைக் கிணத்து உவமை எனக்கு நல்லாப் பிடிச்சது, அதோட நீங்கள் சொன்னது சரியும். பியர்சன் ஆக்களும் கட்டுரையில "குறைஞ்சது அந்த இடத்தில எண்டாலும்" எண்டு அளந்துதான் எழுதினவை. கடலைக் கட்டினது தலைப்புப் போட்ட ஆக்கள். அதே 2014இல ஜேக்கப்சனும் ஷ்மண்டும் வட அமெரிக்காவுக்குக் கீழ நிலநடுக்க அலையளைப் பாத்து, 660 கிலோமீற்றர் எல்லைக்குக் கொஞ்சம் கீழ கல்லு உருகிற அடையாளம் தெரியுது, மேல இருக்கிற படையில தண்ணி இருந்தால் அப்பிடி வரும் எண்டவை. ரெண்டாவது கிணறு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் ஊர் முழுக்க இல்லை.

டேவ்மாவோயைற் சண்டையை மட்டும் விளங்கி வாசியுங்கோ. அந்தக் கனிமம் ஆழத்தில இல்லை எண்டு ஆரும் சொல்லேல்லை. அதே சேர்க்கையுள்ள ஒண்டை 2018இல நெஸ்டோலா ஆக்கள் தென்னாபிரிக்கக் கலினன் சுரங்க வைரத்தில காட்டினவை, அதிலயும் பியர்சன் இருக்கிறார். அடிபாடு, ஒராப்பாவின்ர இந்தக் கல்லு அந்த ஆழத்தில இருந்துதான் வந்ததோ எண்டதில. ஒருத்தர் கொண்டுவந்த கல்லை மற்றவர் உரசிப் பாக்கிறார். தட்டாதெருவில அது வழமைதானே?

தட்டாதெருவான்:
ஓம். உரசாமல் வாங்கிறவன் கடையைப் பூட்டவேணும்.

மணற்காடு:
கன நாளாப் பேசாமல் வாசிச்சுக்கொண்டிருக்கிறன். 2004 மார்கழி 26 எங்கட கரையில நிண்டனான். கூட நிண்டவை எல்லாரும் இப்ப இல்லை. அதுக்குப் பிறகுதான் சுமாத்திரா, தட்டு, அமிழுது எண்ட சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது. பிள்ளை, நீர் சொல்லுற தண்ணி அதால கீழ போறதோ? தெரிஞ்சால் அடுத்ததை முன்கூட்டிச் சொல்லலாமோ?

பாறைப்பித்து:
ஐயா, ரெண்டாவதுக்கு மறுமொழி இல்லை எண்டதுதான். வைரத்துப் புள்ளி எந்தக் கடற்கரைக்கும் மணி அடிக்காது. சொன்னால் பொய்.

முதலாவதுக்கு ஓம். கடலடியில இருக்கிற பாறைத் தட்டு தண்ணி ஊறிப்போய்த்தான் பூமிக்குள்ள அமிழுது. கொஞ்சத் தண்ணி வழியில வெளியேறி எரிமலையளுக்குப் போகும், கனிமத்துக்குள்ள பிடிபட்டது இன்னும் கீழ போகும். உப்பிடித் தட்டு அமிழத் தொடங்கினது எப்ப எண்டதுக்கும் வைரத்துப் புள்ளியளைத்தான் கேட்டவை. கடலடிப் பாறை ஆழத்தில அமுங்கி மாறி வாற எக்லொஜைற்றின்ர துணிக்கையள், 300 கோடி வருசத்துக்குக் கிட்ட இருந்துதான் வைரத்துக்குள்ள வரத் தொடங்குது, அதுக்கு முந்தினதில இல்லை. ஷைரியும் ரிச்சட்சனும் 2011இல எழுதினது.

கிணத்தடி:
மணற்காட்டு ஐயாவுக்கு முன்னால நான் வாதாடேல்லை. எண்டாலும் 300 கோடி வருசத்தை வைச்சு என்ர உவரைக் குறைக்கேலாது. மருமகளுக்கு நிலத்தடி நீர் படி எண்டு சொல்லிப் பாப்பன். ஊரில இருந்து உழைக்கலாம்.

பாறைப்பித்து:
சொல்லுங்கோ, நல்ல படிப்பு. நான் இப்ப செய்யிறதும் அதுதான். ஆனா முதல் ரெண்டு வருசம் ரெண்டுக்கும் ஒரே பாடம். கல்லு தெரியாமல் கிணறு தெரியாது.

தட்டாதெருவான்:
உதெல்லாம் கிடக்கட்டும். ஒரு சனம் ஆச்சியின்ர தோட்டைக் கழட்டிக் கொண்டுவந்தது. வெள்ளைக் கல்லு, நடுவில கறுப்புப் புள்ளி. வைரம் எண்டு நிக்கினம். எனக்கு மாத்தறை வைரம் போலக் கிடக்கு. கிணத்தடி, உம்மட மருமகளைத் திங்கக்கிழமை கடைக்கு அனுப்பும், பாப்பம்.

பாறைப்பித்து:
ஐயா, மாத்தறை வைரம் எண்டால் வைரமில்லை, சேர்க்கோன் எண்ட வேற கனிமம். உருப்பெருக்கியில கல்லைத் திருப்பித் திருப்பி, மேல் முகத்தால பின்பக்கப் பட்டை விளிம்பைப் பாக்கச் சொல்லுங்கோ. சேர்க்கோனில ஒரு கோடு ரெண்டாத் தெரியும், வைரத்தில ஒண்டுதான். ஒரு திசையில மட்டும் பாத்திட்டு விட வேண்டாம்.

கிணத்தடி:
திங்கள் பின்னேரம். ரெண்டாத்தான் தெரியுதாம். "மாமா, அந்தப் புள்ளி என்னவா இருக்கும்?" எண்டு போனில அரை மணித்தியாலம். தோட்டத்துக்குத் தண்ணி மாறவேணும், வைக்கிறாள் இல்லை.