மார்மன் இளம் ஊழியரின் ஒரு வாரம்

கேள்வி: வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்காக இருவர் இருவராகச் செல்லும் மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை) இளைஞர்களின் வாரம் எப்படிக் கழிகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள புரோவோ போன்ற இடங்களில் பயிற்சி பெறும் ஆண்கள் 24 மாதங்கள் ஊழியம் செய்கிறார்கள். வழக்கமாகக் காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சி முடித்து, பைபிளையும் அச்சபையின் மறைநூலான மார்மன் புத்தகத்தையும் தனியாகவும், துணைவரோடும் (உடன் செல்லும் சக ஊழியர்) படித்த பின்னரே வெளியே கிளம்புகிறார்கள். துணைவரை விட்டு எங்கும் தனியே செல்லக்கூடாது என்பதே பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மிகக் கடினமான விதி என்று கருதுகிறேன்.

மறுமொழி 2: வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் ஒதுக்கப்படுகிறது. பெற்ற மனம் ஆறுதல் அடையும் வகையில், 2019 பிப்ரவரியிலிருந்து அந்த நாளில் வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். அதற்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது.

மறுமொழி 3: இவ்வூழியத்துக்குச் சம்பளம் கிடையாது, செலவையும் பெரும்பாலும் அவர்களும் குடும்பத்தாருமே ஏற்கிறார்கள்.