மாஸ்ட் பாதி எழும்பியதும் தெற்கே வளைகிறது: ஸ்டே கம்பியில் என்ன தவறு?

கேள்வி (திருத்துறைப்பூண்டி பக்கம்)
வணக்கம். ஹாம் ரேடியோவுக்கான 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்காக (நடுவிலிருந்து இரு பக்கமும் கை நீட்டும் கம்பி ஆண்டெனா) வீட்டுக் கொல்லைத் திடலில் 38 அடி மாஸ்ட் (ஆண்டெனாவைத் தாங்கும் கம்பம்) நிறுத்தப் பார்க்கிறேன். 20 அடி ஜி.ஐ. பைப் இரண்டு. 2 அங்குலத்துக்குள் ஒன்றரை அங்குலத்தை 2 அடி செருகி போல்ட் போட்டாயிற்று, அடியில் கீல். கிழக்கே படுக்க வைத்து, 6 அடி ஜின் போல் (இழுகயிற்றை உயர்த்திப் பிடிக்க மாஸ்ட்டின் அடியில் செங்குத்தாக நிறுத்தும் துணைக் கம்பு) கட்டி, மேற்கிலிருந்து நாலு பேர் இழுத்தோம்.

மாஸ்ட்டைப் பக்கங்களிலிருந்து இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை 26 அடி உயரத்தில் கட்டியிருந்தேன். ஒன்று வடக்கே வாய்க்கால் கரைக்கும் இன்னொன்று தெற்கே வயலுக்கும் போகிறது. இரண்டு முளையும் 26 அடி தூரம்தான். படுத்திருக்கும்போதே இரண்டையும் இறுக்கிவிட்டோம். பாதி எழும்பியதும் தெற்குக் கம்பி விறைத்தது, வடக்குக் கம்பி தொய்ந்தது, பைப் வில்லாக வளைந்தது. தெற்கு முளையைச் சுற்றி ஈரக்களி விரல் நுழையும் அளவுக்குப் பிளந்ததைப் பார்த்து அப்பா "இறக்குங்கடா" என்று கத்தினார். இறக்கிவிட்டோம், யாருக்கும் அடியில்லை. தூரம் சரியாக இருந்தும் ஏன் இப்படி?

பதில் (கும்பகோணம்)
தம்பி, முதலில் அப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள். தூரம் சரிதான், மட்டம் தவறு. பக்கவாட்டு முளைகள் கீலின் நேர்கோட்டிலும் கீலின் மட்டத்திலும் இருந்தால்தான் மாஸ்ட் எழும்பும்போது கம்பியின் நீளம் மாறாது. வயல் முளை 3 அடி தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது முளைக்கும் கட்டுக்கும் இடையே ஏறத்தாழ 37 அடி, நிமிர்ந்ததும் 39 அடி. அந்த 2 அடிக்குக் கம்பி எங்கே போகும்? பைப்பை வளைக்கும், இல்லாவிட்டால் முளையைப் பிடுங்கும். கரை உயரமாக இருப்பதால் வடக்கே இதற்கு நேர்மாறு.

கீலைக் கால்வட்டம் திருப்பிப் போடுங்கள். பக்க முளைகள் கிழக்கிலும் மேற்கிலும், சமமான திடலிலேயே வரட்டும். மாஸ்ட்டைத் தெற்கே வயல்மேல் நீட்டி, நுனிக்குக் கவட்டை முட்டுக்கொடுத்து, வடக்குக் கரையிலிருந்து இழுங்கள். முன்பின் கம்பிகளின் நீளம் எப்படியும் மாறத்தான் போகிறது, அங்கே மட்டம் பெரிய விஷயமில்லை.

ஜின் போலை 13 அடியாக்குங்கள். உங்கள் பைப் எடைக்கு, 26 அடியில் கட்டி இழுத்தால், 6 அடி ஜின் போலில் தொடக்கத்தில் 150 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். 13 அடி என்றால் 80 கிலோ போதும். ஏற ஏற பளு குறையும். ஆனால் நிமிரும் நேரத்தில் மாஸ்ட் இழுப்பவர் பக்கமே சாயப் பார்க்கும். அதற்குத் தெற்கே பின்கயிறு வேண்டும், முளையில் இரண்டு சுற்று போட்டு விட்டுவிட்டுத் தர வேண்டும். கையில் சுற்றவே கூடாது. திருவாரூர்த் தேரில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் முட்டுக்கட்டை போடுபவர்தானே தேரை நிறுத்துகிறார்? அந்த வேலை இது.

பதில் (பட்டுக்கோட்டை)
அண்ணன் சொன்னதோடு இன்னும் இரண்டு விஷயம். வயல்களியில் முளையை நம்பாதீர்கள். 4 அடி பள்ளம் வெட்டி, 3 அடி பைப் துண்டைக் குறுக்கே படுக்கவைத்து, அதில் கம்பி கட்டி, மண்ணை அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள். பக்கத்தில் தென்னை இருக்கிறதே என்று அதில் ஸ்டே கட்டிவிடாதீர்கள். காற்றில் அது ஆடினால் மாஸ்ட்டும் ஆடும். 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் பக்கம் எத்தனை தென்னை வேரோடு சாய்ந்தன என்று கண்ணால் பார்த்தவன் நான்.

மின்கம்பி எவ்வளவு தூரம்? மாஸ்ட் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது, அதாவது 57 அடி தள்ளி இருக்க வேண்டும்.

கேட்டவர்
மின்கம்பி கிழக்கே 70 அடி அண்ணே.

பதில் (பட்டுக்கோட்டை)
அப்படியானால் மாஸ்ட்டுக்குச் சரி. ஆனால் டைபோலின் ஒரு கை மட்டும் 33 அடி வரும். அதைக் கிழக்கே நீட்டாதீர்கள். அறுந்து காற்றில் பறந்தாலும் மின்கம்பிப் பக்கம் போகக் கூடாது.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து)
கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்துப் பார்த்தேன். வயல் முளை 3 அடி தாழ்வு, கரை முளை 2 அடி உயரம். கண்ணுக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியவே இல்லை! தாளடி அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் கீலைத் திருப்பிப் போட்டு நேற்றுக் காலை காற்று எழுவதற்கு முன் தூக்கினோம். கிழக்கு மேற்குக் கம்பிகள் கடைசிவரை ஒரே விறைப்பில் நின்றன. பின்கயிறு அப்பாவிடம். நான்காவது டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) முடுக்கி முடிக்கும்வரை அவர் முளையிலிருந்து ஒரு சுற்றைக்கூட அவிழ்க்கவில்லை. இருவருக்கும் நன்றி, 73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து).